கன்றுக்குப் போக

விடியற்காலைக் கறவையில் கன்றுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அவிழ்த்துவிட்டதும் ஓடிப்போய் மடியை முட்டும். நான்கு காம்பையும் மாற்றி மாற்றிச் சப்பும். வாயோரம் நுரை கட்டி, மடியில் பால் இறங்கிக் காம்பு விறைக்கும் நேரம் பார்த்து அதன் கழுத்துக் கயிறு பின்னால் இழுபடும். தாயின் முகத்துக்கு நேரே ஒரு முளையில் கட்டிவிடுவார்கள். பசு கன்றை நக்கிக்கொண்டு நிற்கும். பால் பாத்திரத்தில் விழும். கறந்து முடிந்ததும் மறுபடி அவிழ்த்துவிடுவார்கள். மனசுள்ளவர் என்றால் ஒரு காம்பைக் கறக்காமல் விட்டுவைத்திருப்பார். சங்கத்துப் பால் வண்டிக்கு ஓடுகிறவர் என்றால், வற்றிய மடியைத்தான் கன்று முட்டிக்கொண்டிருக்கும்.

பால் கன்றுக்காகச் சுரக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கன்றை முன்னால் நிறுத்தினால்தான் பல பசுக்கள் பாலை இறக்கவே செய்கின்றன. அப்படியிருக்க, அதை மனிதன் எடுத்துக்கொள்வது எந்த நியாயத்தில்? பாலில்லாமல் அபிஷேகமில்லை, நெய்யில்லாமல் வேள்வியில்லை என்று வாழ்ந்த சமூகத்துக்கு இது சங்கடமான கேள்விதான். பெரும்பாலும் அது கேட்கப்படவில்லை. கேட்ட சிலர் சொன்ன விடைகளோ இன்று மாட்டுக்கொட்டகையில் நிற்பவருக்கும் உதவக்கூடியவை.

பக்தி இலக்கியத்தில் கன்றுக்குக் குறைவே இல்லை. கீதை பாராயணத்துக்கு முன் சொல்லும் தியான சுலோகங்களில் ஒன்று உபநிடதங்களைப் பசுக்களாகவும், கண்ணனைக் கறப்பவனாகவும், அர்ச்சுனனைக் கன்றாகவும், கீதையைப் பாலாகவும் உருவகிக்கிறது. பாலைக் குடிப்பவர்கள் யார் என்றால், அறிவுடையோர். கறவை நடக்கிற விதத்தை நன்றாகக் கவனித்த ஒருவர்தான் இதை இயற்றியிருக்க வேண்டும். கன்று வந்து முட்டினால் பால் இறங்குகிறது. செம்பு நிரம்புவது வேறு ஆளுக்கு.

ஸ்ரீவைணவ ஆசாரியர்கள் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். பிறந்த கன்றின் மேலிருக்கும் அழுக்கைத் தாய்ப்பசு நக்கியே எடுத்துவிடுகிறதே, அதைப்போல அடியவரின் குற்றங்களை இறைவன் விரும்பி ஏற்கிறான் என்று பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் சொன்னார்கள். விரும்பி ஏற்பதில்லை, கண்டும் காணாமல் விடுகிறான் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரின் கட்சி. ஒரு பசுவின் நாக்கு எதைக் காட்டுகிறது என்பதில் இரண்டு கலைகள் பிரிந்து நின்றன. இவ்வளவு கூர்மையாக வாதம் நடந்த இடத்தில், நக்கி முடித்த பிறகு அந்தக் கன்று எவ்வளவு குடித்தது என்ற கணக்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கணக்கு தத்துவ நூல்களில் இல்லை. விதி வகுத்த நூல்களில் இருக்கிறது. ஈன்று பத்து நாள் ஆகாத பசுவின் பால் ஆகாது என்கிறது மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம். கன்றை இழந்த பசுவின் பாலும் அதே சுலோகத்தில் விலக்கப்படுகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்து நாள் தீட்டு என்ற எண்ணத்தின் நீட்சியாக இந்த விலக்கு வந்திருக்கலாம். கன்றின் மேல் கருணை என்று அந்த நூல் சொல்லவில்லை. யூதர்களின் திருமறையான தோராவில் வேறொரு கணக்கு. மாட்டுக்கன்றோ ஆட்டுக்குட்டியோ பிறந்தால் ஏழு நாள் தாயோடு இருக்க வேண்டும். எட்டாம் நாளிலிருந்துதான் அதைப் பலியாகச் செலுத்தலாம். இது லேவியராகமத்திலும் யாத்திராகமத்திலும் வருகிறது. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடையே வழக்கிலுள்ள ஷாஃபி மத்ஹபின் சட்ட அறிஞர்கள் நாள் கணக்கு வைக்காமல் அளவைப் பிடித்தார்கள். குட்டியின் தேவைக்குப் போக மிஞ்சியதைத்தான் கறக்கலாம். குட்டிக்குக் கேடு வரும்படி கறப்பது கூடாது.

சமணம் இன்னும் நேராக வருகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லாமை நோன்பைக் கெடுக்கும் மீறல்கள் ஐந்தைச் சொல்கிறது. கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்க முடியாத பாரம் ஏற்றுதல் என்ற நான்குக்குப் பிறகு ஐந்தாவதாக நிற்பது, தன் பொறுப்பிலுள்ள உயிரின் உணவையும் நீரையும் தடுத்தல். அதாவது கத்தியெடுக்காமலேயே அகிம்சை முறியக்கூடும். ஒரு கயிறும் கொஞ்சம் அலட்சியமும் இருந்தால் போதும்.

லேவியராகமத்தில் அதே இடத்தில், தாயையும் குட்டியையும் ஒரே நாளில் கொல்லக் கூடாது என்ற விதியும் உண்டு. இதை வைத்து யூத அறிஞர்களுக்குள் ஒரு நல்ல வழக்கு நடந்தது. 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடெஸ், விலங்கின் தாய்ப்பாசம் மனிதத் தாயின் பாசத்திலிருந்து வேறுபட்டதல்ல, அந்த வேதனையைத் தவிர்க்கவே விதி என்றார். அடுத்த நூற்றாண்டில் நாக்மனிடெஸ் மறுத்தார். விதி விலங்குக்காக அல்ல, மனிதன் கொடூரத்தில் பழகிவிடக் கூடாது என்பதற்காக என்பது அவர் வாதம். கன்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா, நம் குணத்துக்கா? தத்துவத்தில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் கன்றுக்குச் சேர வேண்டிய பாலின் அளவு மாறப்போவதில்லை. அந்த அளவைச் சொல்ல வேதமோ தர்க்கமோ போதவில்லை. ஒரு விலங்கியலாளர் வர வேண்டியிருந்தது.

பிறக்கும்போது கன்றின் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் இல்லாத குறைதான். மனிதக் குழந்தைக்கு அவை கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அவற்றை விடாது. எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. பிறந்த கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் அப்படியே இரத்தத்துக்கு அனுப்பும்; ஆனால் இந்தத் திறன் மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது சீம்பால் சேர வேண்டும். அதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போக வேண்டும். மறுநாள் எவ்வளவு கொடுத்தாலும் அது உணவுதான், கவசம் ஆகாது.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். நஞ்சுக்கொடி விழச் சில நேரம் எட்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரை கன்று தடுமாறி எழுந்து, விழுந்து, சுவரை நக்கிக்கொண்டு கிடக்கும். உண்மையில் கன்று ஊட்டும்போது பசுவின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. ஆகவே ஊட்ட விடுவது நஞ்சுக்கொடி விழவும் துணை செய்கிறதே தவிர, தடையாவதில்லை. நாலாம் நாள் வெள்ளைக் கழிச்சலில் கன்று சாய்ந்தால் கண் பட்டுவிட்டது என்றோ, குளிர் தாக்கியது என்றோ சொல்வதுண்டு. முதல் நாள் காத்திருந்த அந்த எட்டு மணி நேரம் யார் நினைவுக்கும் வருவதில்லை.

சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பும் வழக்கம் என்ன ஆவது என்று சிலருக்குக் கவலை வரலாம். வர வேண்டியதில்லை. நல்ல கறவை, தன் கன்றுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே சீம்பால் தரும். முதல் கறவை கன்றுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்திருந்தால், இரண்டாம் நாள் கிண்ணத்தை யாரும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளலாம்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் எதிர்ப்பு எப்படிக் கடந்து போகிறது என்பதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பிரான்சிஸ் ரோஜர்ஸ் பிராம்பெல். அயர்லாந்தில் பிறந்து, வேல்ஸில் பாங்கர் நகரில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். அவர் பெயர் இன்னொரு இடத்திலும் நிலைத்துவிட்டது. 1964இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி ‘அனிமல் மெஷின்ஸ்’ என்றொரு நூல் எழுதினார். தொழிற்சாலைப் பண்ணைகளில் கோழியும் கன்றும் அடைபட்டுக் கிடப்பதைப் படித்துப் பிரிட்டன் கொதித்தது. அரசு ஒரு குழுவை அமைத்தது, பிராம்பெல்தான் தலைவர். 1965இல் வந்த அறிக்கை, அடைத்து வளர்க்கும் விலங்குக்கும் எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது. பின்னாளில் ‘ஐந்து சுதந்திரங்கள்’ என்று உலகெங்கும் பேசப்பட்டதன் வேர் இதுதான். முதல் நாள் கன்றுக்குத் தாய் தருவதை ஆராய்ந்தவர், அதற்குப் பின் மனிதன் தர வேண்டியதையும் எழுத நேர்ந்தது ஓர் அழகான பொருத்தம்.

ஹாரிசனைக் கொதிக்க வைத்தவற்றுள் ஒன்று, ஐரோப்பாவின் வெள்ளைக் கன்றிறைச்சித் தொழில். அங்கே கன்றைப் பட்டினி போடவில்லை. மாறாக, பாலும் பால்மாவுக் கரைசலும் மட்டுமே வயிறு நிறையக் கொடுத்தார்கள். திரும்ப இடமில்லாத மரப்பெட்டிக்குள் கட்டி, புல்லோ வைக்கோலோ வாயில் படாமல் பார்த்துக்கொண்டார்கள். பாலில் இரும்புச்சத்து சொற்பம் என்பதால் இறைச்சி வெளிறி இருக்கும். வெளிறினால் விலை அதிகம். கன்றுக்குரியது பால் என்று நம்புகிறவருக்கு இது திகைப்பைத் தரும். பால் முழுவதும் கன்றுக்கே போனது, இருந்தும் அது கொடுமையாக இருந்தது. அப்படியானால் கன்றுக்கு நாம் பட்ட கடன் பாலோடு முடிவதில்லை.

என்ன பாக்கி என்பதற்கு அரிஸ்டாட்டிலிடம் போகலாம். கொம்புள்ள விலங்குகளுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, அந்தக் குறையை ஈடுகட்டவே அவற்றுக்கு ஒன்றுக்கு நான்கு வயிறு என்று எழுதியவர் அவர். நான்குக்கும் தனித்தனிப் பெயரும் கொடுத்தார். ஒவ்வொரு உயிரும் எதுவாக ஆகும்படி பிறந்திருக்கிறதோ அதுவாக ஆவதே அதன் நிறைவு என்பது அவர் கொள்கை. கன்று பால் குடிப்பதற்காகப் பிறந்ததல்ல. பால் குடித்து, புல் தின்னும் மாடாக ஆவதற்குப் பிறந்தது. அந்த மாற்றம் வயிற்றுக்குள்ளே, ஏறத்தாழ மூன்று மாதத்தில் நடக்கிறது.

பிறந்த கன்றுக்கு நான்கு வயிறும் உண்டு; ஆனால் வேலை செய்வது நான்காவது மட்டுமே. ரூமன் என்று மருத்துவர்கள் சொல்லும் பெருவயிறு அப்போது ஒரு சின்னப் பைதான். வளர்ந்த மாட்டில் அது மொத்த வயிற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காகி, இடது விலாப் பக்கத்தையே அடைத்துக்கொள்ளும். காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு வரிப்பள்ளம் குழாய்போல் மூடிக்கொள்ளும். பால் பெருவயிற்றில் இறங்காமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்த் தயிராய் உறையும். அதனால் எத்தனை லிட்டர் பால் கொடுத்தாலும் பெருவயிற்றுக்கு அது வந்த சேதியே தெரியாது. வாளியில் தலையை அமுக்கி அவசரமாகக் குடிக்க வைத்தால் அந்தப் பள்ளம் சரியாக மூடாமல் பால் பெருவயிற்றுக்குள் கசிந்து புளித்துப் போவதும் உண்டு. கொட்டகையில் பொறுமை வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருவயிற்றை எழுப்புவது எது? 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வார்னர், பிளாட், லூஸ்லி ஆகியோர் கன்றுகளுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். 1956இல் முடிவை வெளியிட்டார்கள். பால் மட்டும் குடித்த கன்றின் பெருவயிறு அப்படியே நின்றுவிட்டது. தானியத் தீவனம் தின்ற கன்றின் பெருவயிற்றுக்குள் விரல்விரலாகச் சதைத்துய்கள் முளைத்திருந்தன. தீவனம் உள்ளே உராய்வதால் இவை வளர்வதில்லை. நுண்ணுயிர்கள் தானியத்தைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான் காரணம் என்பது அடுத்து நடந்த சோதனைகளில் தெளிவாயிற்று. அவற்றில் முதன்மையானது பியூட்ரிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெயின் வாடைக்குக் காரணமும் அதுவே.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் படங்கள் சில, கன்று வளர்ப்பு வகுப்புகளில் தவறாமல் காட்டப்படுகின்றன. ஒரே வயதுக் கன்றுகளின் பெருவயிற்றுத் தோலை அருகருகே விரித்து வைத்திருப்பார்கள். பால் மட்டும் குடித்ததன் தோல் வெளிறி, வழவழவென்று இருக்கிறது. பாலோடு வைக்கோல் தின்றதற்குப் பை பெரிதாகியிருக்கிறது, ஆனால் உள்தோலில் துய்கள் அதிகம் எழவில்லை. பாலும் தானியமும் தின்றதோ கருத்துத் தடித்து, துருக்கித் துண்டைப் போலச் சொரசொரவென்று நிற்கிறது. இந்தத் துய்கள்தான் பிற்காலத்தில் பசுவின் உடலுக்கு ஆற்றலை உறிஞ்சிக் கொடுக்கப்போகின்றன. வாழ்நாள் முழுவதும் இந்த மாடு எவ்வளவு கறக்கும் என்பதில் ஒரு பகுதி, அந்தச் சில வாரங்களில் அந்தத் தோலில் எழுதப்படுகிறது.

நம் ஊரில் கண்ணில் படும் வயிறு உப்பிய கன்றுக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. பாலை முழுக்கக் கறந்துகொண்டு, கன்றின் முன்னால் காய்ந்த வைக்கோலைப் போட்டுவிடுவார்கள். பை விரியும், துய் வளராது. குடற்புழுவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வயிறு மட்டும் பெருத்து, முதுகெலும்பு துருத்தி, முடி சிலிர்த்து, மண்ணைத் தின்னும். மண் தின்னாதிருக்க வாய்க்கூடை மாட்டுவார்கள். பசிக்கு மருந்தாக வாய்க்கூடை! உமாஸ்வாதி பார்த்திருந்தால் ஐந்தாவது மீறலுக்கு வேறு உதாரணமே தேடியிருக்க மாட்டார்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து, பால் குடித்த கையோடு கன்றின் வாயில் ஒரு சிட்டிகை கன்றுத் தீவனத்தைத் தடவ வேண்டும். உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு சேர்ந்த கலவை அது. முதலில் நக்கும், பிறகு துப்பும், நாலைந்து நாளில் தானே தேடி வரும். நேற்றைய மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். ஊறிப் புளித்ததைக் கன்று தொடாது. பசும்புல்லோ நல்ல உலர்புல்லோ கொஞ்சமாகப் பக்கத்தில் இருக்கட்டும். பெருவயிற்றின் தசை பலப்பட அது உதவும்.

தண்ணீரைத்தான் பலர் மறக்கிறார்கள். பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று தோன்றும். பால் பெருவயிற்றுக்குள் போவதில்லை. சட்டியிலிருந்து குடிக்கும் தண்ணீர் போகிறது. ஈரமில்லாத இடத்தில் நுண்ணுயிர் பெருகாது, தீவனம் புளிக்காது. முதல் வாரத்திலேயே கன்றுக்கு எட்டும் இடத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தால் அது தின்னும் தீவனமும் கூடும்.

தொடர்ந்து மூன்று நாள் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தீவனத்தைத் தானே தின்றுவிட்டால், பெருவயிறு வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். பாலைப் படிப்படியாகக் குறைக்கலாம். அதன் பிறகு அந்த விலங்கு வாழும் விதமே வேறு. கறாராகச் சொன்னால் பசு புல்லைத் தின்று வாழ்வதில்லை. புல்லைக் கொடுத்துக் கோடானுகோடி நுண்ணுயிர்களை வளர்க்கிறது. அவை விடும் அமிலங்களிலிருந்து ஆற்றலையும், அந்த நுண்ணுயிர்களையே செரித்துப் புரதத்தையும் பெறுகிறது. சைவ உணவின் சின்னமாகக் கருதப்படும் பசுவின் வயிற்றில் நடக்கும் இந்தப் பெருங்கொலைக்கு எந்த மதத்தின் சட்டத்திலும் பிரிவு இல்லை!

ஐரோப்பாவுக்குத் திரும்பினால், அங்கே சட்டம் கன்றின் வயிற்றுக்குள்ளேயே நுழைந்தது. மரப்பெட்டியைப் பிரிட்டன் 1990இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2007இலிருந்து தடை. அதோடு, இரண்டு வாரம் தாண்டிய ஒவ்வொரு கன்றுக்கும் தினமும் நார்த்தீவனம் கொடுத்தாக வேண்டும். எட்டாம் வாரத்திலிருந்து இருபதாம் வாரத்துக்குள் அதை 50 கிராமிலிருந்து 250 கிராமாக உயர்த்த வேண்டும். இறைச்சிக்காகக் கொல்லப்படப்போகும் கன்றுக்கும் அதுவரை அசைபோடும் உரிமை உண்டு என்று ஒரு கண்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 250 கிராம் வைக்கோல் என்பது சில கைப்பிடிகள், அவ்வளவுதான். ஆனாலும் அரிஸ்டாட்டிலின் கொள்கை தராசில் ஏறிய இடம் இது.

இனி பால் கணக்குக்கு வரலாம். தமிழகத்தில் கால்நடைத் துறையினர் பொதுவாகச் சொல்லும் அளவு இது: முதல் மாதம் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. 25 கிலோவில் பிறந்து மாதம் 12 கிலோ கூடும் கன்றுக்கு இது மூன்று மாதமும் ஏறக்குறைய இரண்டரை லிட்டராகவே வரும். எடை ஏற ஏறப் பங்கு இறங்குகிறது. தொண்ணூறு நாளைக்கு 225 லிட்டர். ஒரு கலப்பினப் பசு சராசரியாக நாளுக்கு எட்டு லிட்டர் வீதம் 300 நாள் கறந்தால் 2,400 லிட்டர். கன்றின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பத்தில் ஒன்றை ஒதுக்கிய சமூகங்களுக்கு இது பழக்கமான விகிதம்தான். ஷாஃபி அறிஞர்களின் ‘மிஞ்சியது’ என்ற எல்லைக்குள் மனிதனுக்கு மீதி ஒன்பது பங்கு நியாயமாகவே கிடைத்துவிடுகிறது. அதற்கு வழி செய்வது பெருவயிறுதான். அது வளராத கன்று எத்தனை மாதமானாலும் பாலையே நம்பியிருக்கும். அது வளர்ந்த கன்றுக்குப் புல் போதும். தீவனச் சட்டிக்கு ஆகும் செலவு பாலில் திரும்பி வருகிறது.

இதில் ஒரு நெருடல் மட்டும் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு என்பது நாம் போட்ட கணக்கு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டிய மட்டும் குடிக்க விட்ட கன்றுகள் வழக்கமான அளவில் வளர்ந்தவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பால் குடித்தன. எடையும் வெகுவாகக் கூடியது. அளவோடு பால் கொடுக்கப்பட்ட கன்றுகள் பால் வராத நேரத்திலும் காம்பைத் தேடித் தேடி வருவதைப் பிற்பாடு பலர் பதிவு செய்தார்கள். அது பசி அல்லாமல் வேறென்ன? அதனால் முதல் மாதத்தில் கையைத் தாராளமாக்கி, பிறகு மெல்லக் குறைப்பதே இன்று அறிஞர்கள் பலர் சொல்லும் வழி. திடீரென்று நிறுத்தினால் தீவனம் தின்னப் பழகாத கன்று இரண்டு பக்கமும் இழந்து நிற்கும்.

பாலையே விட்டுவிடுவது இந்தக் கேள்விக்கு விடையாகுமா? காந்தி அதைச் செய்து பார்த்தார். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, 1912இல், நண்பர் கல்லன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். புலனடக்கம் ஒரு காரணம். கல்கத்தாவில் மாடு வளர்ப்போர் செய்த கொடுமைகளைப் பற்றிப் படித்தது இன்னொரு காரணம். அதில் ஒன்று ‘பூக்கா’. கடைசிச் சொட்டு வரை பாலை இறக்குவதற்காகப் பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதும் வழக்கம். 1918இல் கேடா மாவட்டத்தில் அலைந்து வயிற்றுக்கடுப்பில் படுத்தவரை டாக்டர் பாலருந்தச் சொன்னபோது சபதம் குறுக்கே நின்றது. பசுவின் பாலும் எருமைப் பாலும்தானே சபதத்தில் இருக்கிறது, ஆட்டுப்பால் இல்லையே என்று கஸ்தூரிபா வழி கண்டார். காந்தி குடித்தார், பிழைத்தார். சபதத்தின் எழுத்தைக் காத்து ஆன்மாவைக் கொன்றுவிட்டதாகத் தன் சுயசரிதையில் வருந்தவும் செய்தார். ஆட்டுக்கும் குட்டி உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல.

பூக்காவுக்கு எதிரான விதி 1960இன் விலங்குவதைத் தடைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவு பூக்காவையும், பால் கூட்டுவதற்காகப் பசுவின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதையும் சேர்த்தே குற்றமாக்குகிறது. முந்தைய பிரிவின்படி, உடைமையாளர் தன் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் தராதிருப்பதும் குற்றம். தமிழ் நீதிநூல்கள் இந்த வழியில் சட்டத்துக்கு முன்னோடி. கன்று செத்தபின் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறப்பார்கள். இந்தத் தோற்கன்று காட்டிக் கறந்த பாலை நல்லவர்கள் உண்ணமாட்டார்கள் என்று பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு பாட்டு உண்டு. வைக்கோல் கன்று இன்று அரிதாகிவிட்டது. கன்று இல்லாமலே பாலை இறக்க ஆக்ஸிடோசின் ஊசி வந்துவிட்டது.

அந்த ஊசிக்குத் தேவை ஏற்பட்டதே கன்று இல்லாமல் போனதால். பெரும்பாலும் காளைக்கன்று. உழவுக்கு டிராக்டரும் சினைக்கு உறைவிந்து ஊசியும் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. கிடேரி என்றால் நாளைய கறவை. காளை என்றால் இன்றைய பாலுக்குப் போட்டி. கிடேரிக்கு விட்ட காம்பு காளைக்குக் கிடைப்பதில்லை. யாரும் கொல்வதில்லை, தானே செத்துப்போகிறது. பசுவை வணங்கும் வீட்டில்தான் இது நடக்கிறது. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்தபோது, தாய்ப்பசு அடித்த மணியைக் கேட்டுச் சோழன் நீதி வழங்கிய கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அதே கதையை இலங்கையின் மகாவம்சம் எல்லாளன் பேரில் சொல்கிறது. சிலையாகச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் நிற்கிறது. எல்லா வடிவத்திலும் கன்று ஒரே நொடியில், நடுத்தெருவில், ஊரறியச் சாகிறது. கொட்டகை மூலையில் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் சாவுக்கு மணியடிக்கத் தாய்ப்பசுவுக்கும் தெரிவதில்லை. கிடேரியானாலும் காளையானாலும் ஒரே அளவு என்று வைக்காத வரை மேலே போட்ட கணக்கெல்லாம் பாதிக் கன்றுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய அகிம்சைப் பால் பண்ணை இயக்கம், இந்தச் செலவை விலையிலேயே சேர்த்தது. கன்று தாயிடம் ஊட்டும், காளைக்கன்றை உழவுக்குப் பழக்குவார்கள், கறவை நின்ற பசுவுக்கும் சாகும்வரை தீவனம் உண்டு. கடைப் பாலைவிடப் பல மடங்கு விலை. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். நம் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் வழி வேறு. கிடேரி மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்தை அரசுத் திட்டங்கள் மானியத்தில் தருகின்றன. தேவையற்ற கன்றைப் பட்டினி போடும் பாவத்திலிருந்து விவசாயியை இது காப்பாற்றுகிறது என்று வாதிடலாம். காளை பிறக்கவே கூடாது என்று முடிவெடுத்துவிட்டு அதைக் கருணை என்று அழைக்கலாமா என்று எதிர்வாதமும் செய்யலாம். எப்படியானாலும் அந்த ஊசி பத்துக்கு ஒன்பது முறைதான் பலிக்கிறது. பத்தாவது காளையாகவே பிறக்கும். அதற்கும் முதல் நாள் இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும்.